ஆலை நெட்வொர்க்கையும் அலுவலக நெட்வொர்க்கையும் இணைக்கலாமா?

கேட்டவர் சொன்னது சுருக்கமாக இது. அவருடைய ஆலையில் இயந்திரங்களுக்கு ஒரு நெட்வொர்க், அலுவலகத்துக்கு இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே எந்த இணைப்பும் இல்லை. ஷிஃப்ட் முடிந்ததும் மேற்பார்வையாளர் உற்பத்தி எண்ணிக்கையைத் தாளில் எழுதிக் கொடுக்கிறார், மறுநாள் காலை ஒருவர் அதை ஈஆர்பியில், அதாவது ஆர்டர், இருப்பு, கணக்கு ஆகியவற்றை நிர்வகிக்கும் அலுவலக மென்பொருளில், ஏற்றுகிறார். எல்லாவற்றையும் ஒரே ஒருங்கிணைந்த நெட்வொர்க்கில் கொண்டுவந்துவிடலாம் என்று ஒரு நிறுவனம் திட்டம் கொடுத்திருக்கிறது. செய்யலாமா, செய்தால் என்ன கிடைக்கும், என்ன ஆபத்து என்று கேட்கிறார். இந்தக் கேள்விக்கு அடியில் இன்னொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: அலுவலகத்தில் யாரோ ஒருவர் தெரியாமல் ஒரு மோசமான மின்னஞ்சலைத் திறந்தால் என் இயந்திரம் நின்றுவிடுமா? அந்தப் பயம் நியாயமானதுதான். கட்டுப்பாட்டு அமைப்புகளிலும் ஆலை நெட்வொர்க்குகளிலும் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில், அந்தப் பயத்தை நடுவில் வைத்தே பதில் எழுதுகிறேன்.

இணைக்கலாம், இணைக்கவும் வேண்டும். ஆனால் உங்களிடம் வந்திருக்கும் திட்டத்தில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அவற்றை முதலில் பிரித்துப் பாருங்கள். ஒரே கேபிள் அமைப்பு, ஒரே வகை ஸ்விட்சுகள், ஒரே இடத்திலிருந்து கண்காணிப்பு, இது முதல் விஷயம். நல்லது, செலவும் குறையும், பழுது பார்ப்பதும் எளிது. எந்தக் கருவியும் எந்தக் கருவியோடும் பேசலாம் என்று திறந்து விடுவது இரண்டாவது விஷயம். அது வேண்டவே வேண்டாம். நான் எந்தத் திட்டத்தையும் ஒரே அளவுகோலால்தான் பார்ப்பேன்: ஆலைக்கும் அலுவலகத்துக்கும் நடுவிலுள்ள இணைப்பை எந்த நேரத்திலும் துண்டிக்க முடிய வேண்டும், துண்டித்த பிறகும் உற்பத்தி ஓட வேண்டும். இதற்கு ஒத்து வராத இணைப்பு எவ்வளவு நவீனமாக இருந்தாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

இரண்டு பக்கத்துக்கும் குணமே வேறு என்பதுதான் காரணம். அலுவலகத்தில் ஒரு கோப்பு திறக்க ஒரு விநாடி கூடுதலாக ஆனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இயந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சி, தன் கீழுள்ள டிரைவுகளோடும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகள்) சென்சார்களோடும் பேசுவது அப்படியில்லை. ப்ரோஃபிநெட் என்ற நெறிமுறையில் (கருவிகள் பேசிக்கொள்ளும் விதிமுறை) இந்தப் பேச்சு பொதுவாகச் சில மில்லிவிநாடிக்கு ஒருமுறை நடக்கும். ஈதர்கேட் என்ற இன்னொரு நெறிமுறையில் ஒரு மில்லிவிநாடிக்கும் குறைவான இடைவெளியில்கூட நடக்கும். வழக்கமான ப்ரோஃபிநெட் அமைப்பில் தொடர்ந்து மூன்று சுற்று தகவல் வராவிட்டால், தொடர்பு அறுந்தது என்று கருவி முடிவுகட்டிப் பாதுகாப்பு நிலைக்குப் போய்விடும். அதாவது உற்பத்தி லைன் நிற்கும். அலுவலகத்தில் யாரோ ஒரு கேபிளின் இரண்டு முனைகளையும் ஒரே ஸ்விட்சில் செருகி, தகவல் முடிவில்லாமல் சுற்றும் லூப் உண்டாக்கினால், அங்கே கொஞ்ச நேரம் இணையம் வராது, அவ்வளவுதான். பிரிவே இல்லாத அதே நெட்வொர்க்கில் பிஎல்சியும் இருந்தால் அந்த லூப் ஆலையையும் நிறுத்திவிடும். இதற்கு எந்தத் தாக்குதலும் தேவையில்லை.

வயது வித்தியாசமும் இருக்கிறது. அலுவலகக் கணினியை நான்கைந்து வருடத்தில் மாற்றிவிடுவோம், மாதம் ஒருமுறை அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் செய்வோம். ஒரு பிஎல்சி 15, 20 வருடம் ஓடும். ஆபரேட்டர் பார்க்கும் திரைக்குப் பின்னால் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் ஆலைகள் இன்றும் உண்டு. மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. பிஎல்சிகள் பேசும் நெறிமுறைகளிலும் பல பழையவை. மோட்பஸ் 1979இல் வந்தது, அதில் கடவுச்சொல் என்ற ஏற்பாடே கிடையாது. ஈதர்நெட்டில் ஓடும் அதன் வடிவம் 502ஆம் போர்ட் என்ற நெட்வொர்க் வாசலில் காத்திருக்கும். அந்தப் போர்ட்டை எட்ட முடிகிற எவரும் பிஎல்சியின் பதிவேட்டில் ஒரு மதிப்பை எழுதிவிடலாம், நீ யார் என்று அது கேட்காது. ஆகவே ஆலைக் கருவிகளுக்குப் பெரும்பாலும் நெட்வொர்க்தான் ஒரே காவல். கருவி தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்று நம்பக் கூடாது.

இதற்கான அடிப்படை வரைபடம் புதிதல்ல. 1990களின் தொடக்கத்தில் பர்டியூ பல்கலைக்கழகத்தின் தியடோர் வில்லியம்ஸும் அவரோடு இருந்தவர்களும் ஆலையை அடுக்குகளாகப் பிரித்துக் காட்டினார்கள். கீழே சென்சாரும் மோட்டாரும், அதற்கு மேல் பிஎல்சி, அதற்கு மேல் கண்காணிப்பு மென்பொருளான ஸ்காடாவும் ஆபரேட்டர் திரைகளும், மூன்றாவது அடுக்கில் உற்பத்தியை நிர்வகிக்கும் எம்இஎஸும் தரவுகளைச் சேர்த்துவைக்கும் ஹிஸ்டோரியனும், நான்காவதில் ஈஆர்பி முதலிய வணிக அமைப்புகள். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே என்ன தகவல் போக வேண்டும், வர வேண்டும் என்பதைத்தான் ஐஎஸ்ஏ-95 தரநிலை வகுத்திருக்கிறது. உங்கள் கேள்வி முழுக்க இந்த எல்லைக்கோட்டைப் பற்றியதுதான்.

அந்த எல்லையில் பாதுகாப்புக்காகப் பிற்பாடு சேர்க்கப்பட்டதுதான் டிஎம்இசட் எனப்படும் நடுப்பகுதி. இதைச் சரியாகக் கட்டினால் பாதி வேலை முடிந்தது. விதி ஒன்றே ஒன்று: அலுவலகத்திலிருந்து ஆலைக்கோ, ஆலையிலிருந்து அலுவலகத்துக்கோ எந்த இணைப்பும் நேராகப் போகக் கூடாது, எல்லாம் நடுப்பகுதியில் வந்து முடிய வேண்டும். ஆலை ஹிஸ்டோரியன் தன் தரவின் ஒரு பிரதியை நடுப்பகுதியிலுள்ள சர்வருக்கு அனுப்பும். ஈஆர்பி அந்தப் பிரதியை மட்டும் படிக்கும். விண்டோஸ் அப்டேட்டுகள் முதலில் நடுப்பகுதிக்கு வந்து நிற்கும், ஆலைக் கணினிகள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். இயந்திரம் விற்ற நிறுவனத்தின் பொறியாளர் தொலைவிலிருந்து உள்ளே வர வேண்டுமென்றால், நடுப்பகுதியில் ஜம்ப் சர்வர் எனப்படும் ஓர் இடைநிலைக் கணினியில் இரண்டு கட்டச் சரிபார்ப்போடு நுழைந்து, அங்கிருந்து அனுமதிக்கப்பட்ட ஒரு கருவிக்கு மட்டும், அனுமதிக்கப்பட்ட நேரத்தில் மட்டும் போக வேண்டும். முடிந்தவரை இணைப்பைத் தொடங்குவது ஆலைப் பக்கமாகவே இருக்கட்டும். உள்ளிருந்து வெளியே தள்ளும் தரவுக்கு, போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வாலில் உள்நோக்கி எந்த ஓட்டையும் போட வேண்டியதில்லை.

ஆலைக்குள்ளேயும் பிரிவுகள் வேண்டும். ஐஇசி 62443 தரநிலை இதை மண்டலங்கள், அவற்றுக்கு நடுவே கட்டுப்படுத்தப்பட்ட வழிகள் என்று விவரிக்கிறது. நடைமுறையில் ஒரு லைனுக்கு ஒரு வீலேன் (அதே ஸ்விட்சுகளுக்குள் அமைப்பால் பிரித்த தனி நெட்வொர்க்) என்று தொடங்கலாம். ஆனால் வீலேன் போட்டதும் பாதுகாப்பு வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீலேன்களுக்கு நடுவே வழி காட்டும் இடத்தில் என்ன விதி இருக்கிறது என்பதுதான் முக்கியம். அங்கே எல்லாவற்றையும் அனுமதித்திருந்தால், கோடு போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைத்தது மாதிரிதான்.

இங்கே அலுவலக ஐடி ஆட்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு, விரிவாகவே சொல்கிறேன். ப்ரோஃபிநெட்டின் நிகழ்நேரத் தகவல் ஐபி முகவரியை வைத்துப் பயணிப்பதில்லை. அது ஈதர்நெட் மட்டத்திலேயே ஓடுகிறது, ரவுட்டரைத் தாண்டாது. ஆகவே ஒரு பிஎல்சியையும் அதன் கீழுள்ள கருவிகளையும் ரவுட்டரால் பிரிக்கப்பட்ட வெவ்வேறு சப்நெட்டில் (நெட்வொர்க்கின் உட்பிரிவில்) போட்டால் லைன் ஓடாது. ஈதர்நெட்/ஐபி என்ற நெறிமுறை, குறிப்பாகப் பழைய கருவிகளில், ஒரே தகவலைப் பல கருவிகளுக்கு ஒன்றாக அனுப்பும் மல்டிகாஸ்ட்டை நிறையப் பயன்படுத்தும். ஸ்விட்சில், கேட்ட கருவிகளுக்கு மட்டும் அதை அனுப்பும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் வசதியைப் போடாமல் விட்டால் ஒரு கருவியின் தகவல் எல்லாப் போர்ட்டிலும் கொட்டும், சின்னக் கருவிகள் திணறும். இயந்திரம் செய்பவர்கள் ஒரே மாதிரி இயந்திரங்கள் அத்தனைக்கும் ஒரே ஐபி முகவரியை வைத்து அனுப்புவார்கள். நான்கு இயந்திரம் வாங்கினால் நான்கிலும் 192.168.0.1 இருக்கும். எல்லாவற்றையும் மாற்றச் சொன்னால், நிரலைத் தொட்டால் வாரண்டி போய்விடும் என்பார்கள். அப்போது இயந்திரத்துக்கு ஒரு சிறிய ரவுட்டர் வைத்து ஒன்றுக்கு ஒன்று முகவரி மாற்றம் செய்வதுதான் சுமுகமான வழி. இன்னொன்று, அலுவலகத்தில் வழக்கமாக ஓட்டும், ஒவ்வொரு கருவியையும் தட்டிப் பார்க்கும் நெட்வொர்க் ஸ்கேனை ஓடிக்கொண்டிருக்கும் ஆலையில் ஓட்டவே கூடாது. பழைய பிஎல்சிகளும் டிரைவுகளும் எதிர்பாராத பாக்கெட் வந்தால் உறைந்துபோவது உண்டு. கருவிப் பட்டியல் எடுக்க ஸ்விட்சிலிருந்து ஒரு நகல் போர்ட் வைத்து, போகும் வரும் பேச்சைக் கேட்டாலே போதும்.

கேபிள் விஷயம் எளிது. தாமிரக் கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. கட்டிடங்களுக்கு நடுவேயும் பெரிய டிரைவுகளுக்குப் பக்கத்திலும் ஃபைபர் போடுங்கள். ஸ்விட்சுகளை வளையமாக இணைத்தால் ஒரு கேபிள் அறுந்தாலும் மறுபக்கம் வழி கிடைக்கும். ஆனால் எவ்வளவு நேரத்தில் கிடைக்கும் என்று கேளுங்கள். மாற்றுவழி தேடும் பழைய முறையான ஸ்பானிங் ட்ரீ 30 விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். தொழிற்சாலைக்கென்று வந்த எம்ஆர்பி என்ற முறை, 50 ஸ்விட்ச் வரை உள்ள வளையத்தில் 200 மில்லிவிநாடிக்குள் மீண்டுவிடும். இதுவும் வேகம்தான், ஆனால் மேலே சொன்ன மூன்று சுற்றுக் கணக்கை நினைத்துப் பாருங்கள். 2 மில்லிவிநாடிச் சுற்றில் ஓடும் கருவி 6 மில்லிவிநாடியிலேயே கைவிட்டுவிடும். அதனால் கருவியின் காத்திருப்பு நேரத்தை 200ஐத் தாண்டும்படி நீட்ட வேண்டும். எங்கே அப்படி நீட்ட முடியாதோ, அங்கே இடைவெளியே இல்லாத பிஆர்பி போன்ற இரட்டை வழி ஏற்பாடு தேவைப்படும். உங்கள் திட்டத்தில் வளையம் மீளும் நேரம், கருவியின் காத்திருப்பு நேரம் என்ற இந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

இனி அந்த மின்னஞ்சல் பயத்துக்கு வருகிறேன். இணைக்காமல் விட்டால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் 2010இல் வெளியே தெரிந்த ஸ்டக்ஸ்நெட்டை நினைவில் கொள்ளட்டும். ஈரானின் நதான்ஸ் செறிவூட்டல் ஆலையைக் குறிவைத்த அந்த நிரல், இணையம் இல்லாத இடங்களுக்கும் யுஎஸ்பி வழியாகப் பரவக்கூடியது. உங்கள் ஆலையிலும் பராமரிப்பு மடிக்கணினி, பென் டிரைவ், யாரோ எப்போதோ வைத்துவிட்டுப் போன மோடம் ஆகியவை இருக்கும். தெரியாத இணைப்பைவிடத் தெரிந்து, கண்காணித்து வைத்திருக்கும் இணைப்பு மேல். அதே சமயம் பிரிவில்லாமல் இணைப்பதன் விலையும் தெரிந்ததே. 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற நாச நிரல் உக்ரைனில் ஒரு கணக்கியல் மென்பொருளின் அப்டேட் வழியாகப் புகுந்து, நிறுவனங்களின் உள் நெட்வொர்க்குகளில் கட்டுக்கடங்காமல் பரவியது. மருந்து நிறுவனமான மெர்க்கின் உற்பத்தி தடைப்பட்டது. 2019 மார்ச்சில் நார்வேயின் நோர்ஸ்க் ஹைட்ரோ தாக்கப்பட்டபோது அலுமினிய ஆலைகள் பலவற்றை ஆட்களே கையால் இயக்கும் முறைக்கு மாற்றினார்கள். அப்படி மாற முடிந்தது என்பதை நான் பெரிய விஷயமாகக் கருதுகிறேன்.

எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது 2021 மே மாதம் அமெரிக்காவின் எரிபொருள் குழாய் நிறுவனமான கொலோனியல் பைப்லைனில் நடந்தது. பழைய விபிஎன் (தொலைவிலிருந்து நுழையும் வழி) கணக்கு ஒன்றின் வழியாக நுழைந்தவர்கள் வணிகப் பக்கத்துக் கணினிகளைத்தான் பூட்டினார்கள். குழாயை நிறுத்தியது தாக்கியவர்கள் இல்லை, முன்னெச்சரிக்கையாக நிறுவனமே நிறுத்தியது. சுமார் ஐந்து நாள் எரிபொருள் ஓடவில்லை. ஃபயர்வால் நன்றாக இருந்தாலும் வேலையே வணிக அமைப்பைச் சார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க வைக்கும் நிகழ்வு இது. உங்கள் ஆலையில் லேபிள் அச்சிட ஈஆர்பி பதில் சொல்ல வேண்டுமா? அடுத்த ஆர்டர் எது என்பது அங்கிருந்துதான் வருமா? அப்படியென்றால் குறைந்தது ஒரு ஷிஃப்ட்டுக்கான ஆர்டர்களும் லேபிள் விவரங்களும் ஆலைப் பக்கத்தில் முன்கூட்டியே வந்து இருக்க வேண்டும். இதை நெட்வொர்க் விற்பவர் யோசிக்க மாட்டார், நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

சரி, இணைத்தால் என்ன கிடைக்கும்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கேபிள் போட்டதும் எண்கள் தானாக ஈஆர்பியில் வந்து உட்காராது. உதாரணமாக, அச்சில் பொருள் வார்க்கும் இயந்திரத்தின் பிஎல்சிக்குத் தெரிந்தது, அச்சு எத்தனை முறை மூடித் திறந்தது என்பது மட்டுமே. ஈஆர்பிக்கு வேண்டியது, எந்த ஆர்டரில் எத்தனை நல்ல பொருள், எத்தனை ரிஜெக்ட் என்பது. அச்சு ஒருமுறை மூடினால் நான்கு பொருள் வருமா, அதில் ஒரு குழி அடைபட்டிருக்கிறதா என்பது பிஎல்சிக்குத் தெரியாது. ஒருவர் துண்டுகளில் எண்ணுவார், இன்னொருவர் கிலோவில். பிஎல்சியின் எண்ணி 16 பிட் என்றால் 65,535க்குப் பிறகு பூஜ்யத்துக்குத் திரும்பும், எண்ணி வைத்த விதத்தைப் பொறுத்து மின்சாரம் போய் வந்தாலும் பூஜ்யமாகலாம். வெறுமனே கழித்துப் பார்க்கும் நிரல் அன்றைக்கு மைனஸ் உற்பத்தி காட்டும். அனுப்பும் வழியிலும் கவனம் தேவை. எம்க்யூடிடி என்ற செய்தி அனுப்பும் நெறிமுறையில் 'குறைந்தது ஒருமுறை' என்ற சேவைத் தரத்தில் அனுப்பினால் ஒரே செய்தி இரண்டு முறை வரலாம், அது வடிவமைப்பிலேயே உள்ள இயல்பு. ஒவ்வொரு செய்திக்கும் தனி அடையாள எண் இல்லாவிட்டால் உற்பத்தி இரட்டிப்பாகப் பதிவாகும். இணைப்பு அறுந்தால் தரவைச் சேமித்து வைத்து, வந்ததும் அனுப்பும் வசதி ஆலைப் பக்கத்துக் கணினியில் இருக்க வேண்டும். எல்லாக் கடிகாரங்களும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் இரவு ஷிஃப்ட்டின் உற்பத்தி பகல் ஷிஃப்ட் கணக்கில் ஏறி, அதைப் பற்றி மனிதர்களுக்குள் சண்டை வரும். என் அனுபவத்தில் இந்த அர்த்தப்படுத்தும் வேலைதான் நெட்வொர்க் போடுவதைவிட அதிக நாள் பிடிக்கிறது. திட்டத்தில் இதற்கு ஆளும் நேரமும் ஒதுக்கியிருக்கிறார்களா என்று அவசியம் பாருங்கள்.

இதுவரை சொன்னவை நான் உறுதியாகச் சொல்லக்கூடியவை. இனி வருபவற்றில் அறிந்தவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. இயந்திரக் கட்டுப்பாட்டையும் சாதாரணத் தகவலையும் ஒரே கேபிளில் நேர ஒதுக்கீட்டோடு அனுப்பும் டிஎஸ்என் கொள்கையளவில் சரியானது, தரநிலைகளும் இருக்கின்றன. ஆனால் பல நிறுவனங்களின் கருவிகள் கலந்த ஆலையில் அதை நம்பி இன்றைக்கே எல்லாவற்றையும் ஒன்றாக்க நான் சொல்ல மாட்டேன். கம்பியில்லா இணைப்பு கண்காணிப்புக்கும் நகரும் வண்டிகளுக்கும் நன்றாகவே உதவுகிறது, வேகமான கட்டுப்பாட்டுக்கு நான் இன்னும் கேபிளைத்தான் கேட்பேன். அடுக்குகளே பழசாகிவிட்டன, எல்லாக் கருவியும் ஒரு பொதுவான தரவு மையத்துக்கு நேராக எழுதட்டும் என்றும் ஒரு சாரார் சொல்கிறார்கள். தரவு ஓட்டத்தைப் பொறுத்தவரை அதில் நியாயம் இருக்கிறது, அடுக்கு அடுக்காக ஏறி இறங்குவது உண்மையிலேயே வேலையை மெதுவாக்கும். ஆனால் தரவு குறுக்கே போகலாம் என்பதால் கட்டுப்பாட்டுக் கட்டளையும் குறுக்கே போகலாம் என்று ஆகிவிடாது. உற்பத்தி இத்தனை சதவீதம் கூடும் என்று திட்டத்தில் ஒரு எண் இருந்தால், அதற்கு நான் எந்த மதிப்பும் தர மாட்டேன். இன்று உங்கள் லைன் எவ்வளவு நேரம், எதனால் நிற்கிறது என்று அளந்து வைத்திருந்தால்தான் நாளை வித்தியாசம் தெரியும்.

மனிதர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆலைக்குள் இருக்கும் ஸ்விட்ச் யாருடையது? ஐடியினருடையதா, மின்பராமரிப்புக் குழுவினருடையதா? இதை எழுத்தில் முடிவு செய்யாத ஆலைகளில், நள்ளிரவில் லைன் நிற்கும்போது இரண்டு குழுவும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நடுப்பகுதியும் அதற்கு மேலும் ஐடியினருடையது, லைனுக்குள் உள்ளது பராமரிப்புக் குழுவினருடையது, எந்த மாற்றமும் உற்பத்தி மேலாளரின் ஒப்புதலோடு நிறுத்த நேரத்தில் மட்டும் என்ற ஏற்பாடு பெரும்பாலும் வேலை செய்கிறது.

தொடங்கும் வரிசை என்று கேட்டால், முதலில் கருவிப் பட்டியலும் அவற்றின் முகவரிகளும். அப்புறம் பிஎல்சி நிரல்களின் பிரதிகளை எடுத்து நெட்வொர்க்குக்கு வெளியே பத்திரப்படுத்துவது. அதன்பின் ஃபயர்வாலும் நடுப்பகுதியும். அதன்பின் ஒரே ஒரு லைன், அதுவும் படிக்க மட்டும். ஈஆர்பியிலிருந்து ஆலைக்குள் எதையும் எழுதுவதைச் சில மாதம் தள்ளிப் போடுங்கள். தாளில் எழுதும் எண்ணிக்கையையும் இயந்திரம் சொல்வதையும் ஒரு மாதமாவது பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, வித்தியாசத்துக்குக் காரணம் தெரிந்த பிறகு அடுத்த லைனுக்குப் போங்கள். வேலையை ஏற்றுக்கொள்ளும் நாளில், உற்பத்தி ஓடும்போதே ஆலைக்கும் நடுப்பகுதிக்கும் இடையிலுள்ள கேபிளைப் பிடுங்கி ஒரு முழு ஷிஃப்ட் ஓட்டிக் காட்ட வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

உங்கள் ஆலையை நேரில் பார்க்காமல் எத்தனை மண்டலம், எந்த ஸ்விட்ச் என்று சொல்வது முறையாகாது. பிஎல்சிகள் எந்த நிறுவனத்தவை, எந்த நெறிமுறையில் பேசுகின்றன, ஒரு லைனில் ஏறத்தாழ எத்தனை கருவிகள், பாதுகாப்புப் பூட்டுகளும் அவசர நிறுத்தமும் அதே நெட்வொர்க்கில் ஓடுகின்றனவா என்பதை எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதற்கு ஆம் என்றால், அந்தப் பகுதியை அதற்கென்று பயிற்சி பெற்ற பாதுகாப்புப் பொறியாளர் பார்க்கும் வரை யாரையும் தொட விடாதீர்கள்.